இரணமும் வாய்மையும்
வேலை இழந்தவர் சந்திக்கும் கிரீன் கார்டு நேர்காணல் குறித்து ஒரு சிந்தனை

மனிதன் தன் வாழ்நாளில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்கிறான். ஆயினும், "நீர் என்ன வேலை பார்க்கிறீர்?" என்ற எளிய கேள்வி, வேலை இல்லாதவனின் காதில் விழும்போது அது குற்றச்சாட்டாகவே மாறிவிடுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் சிரித்து மழுப்பிவிடலாம். கேட்பவர் ஓர் அரசாங்க அதிகாரியாகவும், பதிலைப் பொறுத்து ஒரு குடும்பம் ஒரு நாட்டில் தங்குவதா வெளியேறுவதா என்பது தீர்மானிக்கப்படுவதாகவும் இருந்தால் என்ன செய்வது? இந்த இதழில் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பிரச்சினை இதுவே.

நமது உழவர்கரையிலும், ரெட்டியார்பாளையம், லாசுப்பேட்டை போன்ற அதன் பகுதிகளிலும் இன்று அமெரிக்காவில் பிள்ளைகள் இல்லாத தெருவைக் காண்பது அரிது. கணினித் துறையில் படித்து, எச்-1பி விசாவில் சென்று, ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்து, அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையாகிய கிரீன் கார்டுக்கு மனுச் செய்திருப்பவர்கள் அவர்களில் பலர். 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கியது. 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும், மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும், அமேசான் 18,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. அதுமுதல் இத்தகைய செய்திகள் நம் வீடுகளிலும் அடிக்கடி கேட்கின்றன. பெற்றோர் ஆலிம்களிடம் வந்து துஆச் செய்யக் கேட்கிறார்கள். துஆவோடு ஒரு மஸ்அலாவையும் மெல்லிய குரலில் கேட்கிறார்கள்.

"ஹஜ்ரத், பையனுக்கு வேலை போய்விட்டது. கிரீன் கார்டு நேர்காணலுக்குத் தேதி வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவரின் கம்பெனியில் வேலை பார்ப்பதாக ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை. இரண்டு குழந்தைகள் அங்கே பள்ளியில் படிக்கிறார்கள். நிர்ப்பந்தத்திற்குப் பாவமில்லை அல்லவா?"

கேள்வி இதுதான். கேட்பவர் கெட்டவர் அல்லர். ஐவேளைத் தொழுகையாளி. ஆகவே, "பொய் ஹராம், போங்கள்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுவது அறிவுக்கும் அழகல்ல, அன்புக்கும் அழகல்ல. பிரச்சினையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்போம்.

சட்டம் உண்மையில் என்ன கேட்கிறது?

ஒரு மஸ்அலாவுக்குத் தீர்ப்புச் சொல்லுமுன் நடப்பை அறிய வேண்டும் என்பது நமது ஃபிக்ஹுடைய இமாம்கள் கற்பித்த ஒழுங்கு. நடப்பை அறியாமல் அச்சத்தில் பிறக்கும் பொய்களே அதிகம். ஆகவே அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

வேலை வழியாகக் கிரீன் கார்டு கேட்பவரின் மனு, அவர் இன்று பார்க்கும் வேலையைப் பற்றியதல்ல. கார்டு கிடைத்தபின் அவருக்கு ஒரு நிறுவனம் கொடுக்கவிருக்கும் வேலையைப் பற்றியது. நேர்காணல் நாளன்று அவர் சம்பளப் பட்டியலில் இருந்தே தீரவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. உண்மையான, நிறைவேற்றும் எண்ணமுள்ள ஒரு வேலை வாக்குறுதி இருக்க வேண்டும். அதுவே நிபந்தனை. மேலும் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் நிறைவேறிய ஒரு சட்டம், இறுதி மனுவாகிய ஐ-485 பதிவாகி 180 நாட்கள் கடந்துவிட்டால், அதே வகையான அல்லது அதையொத்த வேறு வேலைக்கு, வேறு முதலாளியிடம் மாறிக்கொள்ளவும் இடமளிக்கிறது. பழைய முதலாளி கைவிட்டாலும் புதியவர் ஒருவர் மெய்யாகவே வேலை தர முன்வந்தால் மனு உயிரோடு இருக்கும். சான்று குறைவாயின் எழுத்து மூலம் கேட்டு அவகாசம் தரும் முறையும் உண்டு.

எச்-1பி விசாவை மட்டும் நம்பியிருப்பவருக்கு, 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி, வேலை போனபின் அதிகபட்சம் 60 நாட்கள் தவணை தருகிறது. விசாக் காலம் அதற்கு முன்பே முடியுமானால் அதுவரைதான். ஐ-485 மனு நிலுவையில் உள்ளவரோ அந்தத் தவணை முடிந்ததும் உடனே வெளியேற வேண்டியவர் அல்லர். இந்த வித்தியாசம் தெரியாமலேயே பலர் இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறார்கள்.

குடும்ப உறவின் வழியாகச் செல்பவரின் நிலை வேறு. கணவனையோ, மனைவியையோ, பெற்றோரையோ அழைத்துக்கொள்பவர், வருகிறவர் அரசுக்குச் சுமையாகமாட்டார் என்று ஐ-864 எனும் ஆதரவு வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டும். "பொதுச் சுமை" என்ற இந்தக் கருத்து அந்நாட்டில் 1882-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்திலேயே இடம்பெற்ற பழமையானது. அழைப்பவரின் வருமானம், அவரது குடும்ப எண்ணிக்கைக்கு உரிய வறுமைக் கோட்டின் 125 விழுக்காடாவது இருக்க வேண்டும். அவருக்கு வேலை போய்விட்டால் கதவு மூடிவிடுகிறதா? இல்லை. அங்கே வசிக்கும், அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ள மற்றொருவர் கூட்டுப் பிணையாளராக வரலாம். சேமிப்பையும் சொத்தையும் குறிப்பிட்ட விகிதத்தில் கணக்கில் காட்டலாம். வேலையிழந்தவர் பெறும் காப்பீட்டுத் தொகை 1999-ஆம் ஆண்டின் வழிகாட்டுதலிலும் 2022-ஆம் ஆண்டின் விதியிலும் பொதுச் சுமையாகக் கணக்கிடப்படவில்லை. அது உழைத்தவன் உழைப்பால் ஈட்டிய உரிமை என்று கருதப்பட்டது.

இவற்றையெல்லாம் நாம் ஏன் விரிவாகச் சொல்கிறோம்? நிர்ப்பந்தம் என்ற வாசல் எப்போது திறக்கும் என்பதை அறிந்துகொள்ளவே. பசியால் சாகும் நிலையில், வேறு உணவே கிடைக்காதவனுக்குத்தான் விலக்கப்பட்டதை உண்ண அனுமதி. அடுத்த வீட்டில் சோறு இருக்கிறதா என்று கேட்டுப் பாராதவன் நிர்ப்பந்தத்தில் இருப்பவனாகமாட்டான். உண்மையின் வழியில் இத்தனை கதவுகள் இருக்கும்போது, ஒன்றையும் தட்டிப் பார்க்காமல் பொய்க் கடிதத்தை நோக்கிக் கை நீட்டுவது நிர்ப்பந்தமல்ல, அவசரமே.

வேலையின்மை இழிவா?

பொய்க்குத் தாய் அச்சம் என்றோம். அந்த அச்சத்திற்குத் தாய் வெட்கம். வேலை போனது ஒரு குற்றம் போலவும், அதிகாரி அதைக் கண்டுபிடித்துவிடுவார் போலவும் மனம் நடுங்குகிறது. ஆகவே இந்த வெட்கத்தின் வேரைப் பார்ப்போம்.

மத்ரஸாவில் நஹ்வு இலக்கணம் படிக்கும் சிறுவனுக்கு ஸிஃபத்துக்கும் ஹாலுக்கும் உள்ள வேறுபாட்டை உஸ்தாதுமார் கற்றுக்கொடுப்பார்கள். "கற்றறிந்த ஒருவர் வந்தார்" என்றால் கல்வி அவரோடு தங்கிய பண்பு. அது ஸிஃபத். "ஸைது நனைந்தவராக வந்தார்" என்றால் நனைந்தது அவர் வந்த வேளையின் நிலை. அது ஹால். வெயில் வந்தால் காய்ந்துவிடும். வேலையின்மை என்பது ஹால்தான். ஆனால் நமது சமுதாயம் அதை ஸிஃபத்தாக்கி, "வேலையில்லாதவன்" என்று அவனுக்குப் பெயராகவே சூட்டிவிடுகிறது. நேர்காணலுக்குப் போகும் இளைஞனும் நாளடைவில் அதை நம்பிவிடுகிறான்.

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) என்ற பெண்மணியைப் பலர் பெண் கேட்டார்கள். அவர்களில் முஆவியா (ரலி) அவர்களும் ஒருவர். அப்பெண்மணி ஆலோசனை கேட்டபோது, முஆவியா பொருளில்லாத ஏழை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒளிவு மறைவின்றிச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. அன்றைய நிலையை உள்ளபடி சொன்னார்களே தவிர, அவரை இழிவுபடுத்தவில்லை. அதே முஆவியா (ரலி) ஹிஜ்ரி 41 முதல் 60 வரை ஒரு பெரும் பேரரசை ஆண்டார்கள். அன்று "பொருளில்லை" என்று சொன்னது பொய்யுமல்ல, அது அவருடைய தலைவிதியைப் பற்றிய தீர்ப்புமல்ல. நிலையைச் சொல்வது வேறு, மனிதனை மதிப்பிடுவது வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்தவனுக்கு, "தற்போது எனக்கு வேலை இல்லை" என்ற மூன்று நான்கு சொற்களை அதிகாரியின் முன் தடுமாறாமல் சொல்ல முடியும்.

சும்மா இருப்பதை நாம் நியாயப்படுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். மக்காவில் வாணிபச் செல்வராயிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்து சேர்ந்தார்கள். ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவருக்காகப் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, கடைவீதி எங்கே என்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். வேலை இழந்தவர் செய்ய வேண்டியதும் இதுவே: கடைவீதியைக் கேட்பது. நேர்காணலின்போது, "வேலை தேடுகிறேன். இன்ன இடங்களில் விண்ணப்பித்திருக்கிறேன்" என்று சொல்லும்படியாக அவருடைய நாட்கள் கழிந்திருக்குமானால் அந்தப் பதிலே அவருக்குக் கண்ணியம்.

"நன்மைக்காகச் சொல்லும் பொய்"

இனி, கிதாபு படித்தவர்கள் எழுப்பும் ஆட்சேபத்தைப் பார்ப்போம். இது சாதாரணமான ஆட்சேபமல்ல. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நாவின் கேடுகளைப் பற்றி எழுதும்போதும், இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனிலும் ஒரு விதியைக் கூறுகிறார்கள். நல்ல நோக்கம் ஒன்றை உண்மையாலும் அடையலாம் என்றால் அங்கே பொய் ஹராம். பொய்யாலன்றி அடையவே முடியாது என்றால், அந்த நோக்கத்தின் தரத்திற்கேற்ப அனுமதி உண்டு. அநியாயக்காரன் ஒருவன் கொல்லத் தேடும் அப்பாவியை மறைத்து வைத்திருப்பவன், "இங்கே இல்லை" என்று சொல்வது இதற்கு உதாரணம். "குடும்பத்தைக் காப்பது நல்ல நோக்கம்தானே? ஆகவே அனுமதி உண்டு" என்கிறார்கள்.

இதற்கு நமது பதில் மூன்று.

முதலாவது: அந்த விதியின் முதல் பாதியை அவர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். உண்மையால் அடைய வழியுண்டா என்பதே முதற்கேள்வி. வழிகள் உண்டு என்பதை மேலே கண்டோம்.

இரண்டாவது: கொலைகாரனுக்கு அப்பாவியின் உயிர்மீது எந்த உரிமையும் இல்லை. ஆகவே அவனுக்கு உண்மையைப் பெறும் உரிமையும் இல்லை. தன் நாட்டில் யார் குடியேறலாம் என்று கேட்கும் அதிகாரிக்கோ கேட்கும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையை ஏற்றுக்கொண்டுதான் நாமே மனுச் செய்திருக்கிறோம். ஒரு நாட்டாரின் அபயத்தைப் பெற்று அந்நாட்டில் நுழைந்த முஸ்லிம், அவர்களுக்குத் துரோகம் செய்யலாகாது என்பதில் ஷாஃபி மத்ஹபும் ஹனஃபி மத்ஹபும் ஒருமித்து நிற்கின்றன. பகை நாட்டைப் பற்றியே அப்படிச் சொல்லியிருக்க, பகையற்ற நாட்டின் விசா வாங்கியவரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? மேலும் அந்த நேர்காணல் சத்தியப் பிரமாணத்தோடு தொடங்குகிறது. உரிமையுள்ளவர் வாங்கும் சத்தியத்தில், சொல்பவர் மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் மறைபொருள் செல்லாது. வாங்குபவர் எதை எண்ணி வாங்கினாரோ அதுவே அதன் பொருள். இதுவும் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழியின் கருத்தே. ஆகவே, "நான் அந்தக் கம்பெனிக்கு ஒருநாள் போய் உட்கார்ந்தேன், ஆகவே வேலை பார்த்தேன் என்பது பொய்யல்ல" என்பது போன்ற சாதுரியங்கள் அங்கே உதவா.

மூன்றாவது: "யாருக்கும் நஷ்டமில்லை" என்பது தவறான கணக்கு. வேலை வழிக் கிரீன் கார்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 மட்டுமே. பொதுவாக எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. ஆகவேதான் இந்தியாவில் பிறந்தவர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக வரிசையில் நிற்கிறார்கள். பொய்க் கடிதத்தால் ஒருவர் பெறும் இடம் காற்றிலிருந்து வருவதல்ல. வரிசையில் பின்னால் நிற்கும் மற்றொருவரின் இடமே அது. அவரும் ஒருவேளை நம் தெருப் பிள்ளையாக இருக்கலாம். கடிதம் கொடுத்த நண்பர் பொய்ச்சாட்சியாகிறார். அடுத்த மாதம் உண்மையான கடிதத்தோடு வருபவர் சந்தேகத்தோடு நோக்கப்படுகிறார். இத்தனை பேரின் நஷ்டத்தை நாம் காணவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது.

உலகக் கணக்கையும் சொல்லிவிடுவோம். வேண்டுமென்றே முக்கியமான விஷயத்தில் பொய் சொல்லி உரிமை தேடியவருக்கு அமெரிக்கச் சட்டம் ஆயுட்கால நுழைவுத் தடை விதிக்கிறது. விலக்குப் பெறும் வழி மிகக் குறுகியது. பல்லாண்டு கழித்துக் குடியுரிமை பெற்ற பின்னரும் மோசடி வெளிப்பட்டால் அந்தக் குடியுரிமையே பறிபோகலாம். வேலையின்மை நாளை தீரக்கூடிய நோய். பொய்யோ ஆயுள் முழுவதும் கதவுக்குப் பின்னால் நின்று மூச்சு விடும்.

கேட்காததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், மனுவில் எழுதியது மாறியிருந்தால் அதைத் திருத்திச் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்பது, இவை போதும். அளந்து பேசுவது பொய்யல்ல. ஆனால் கேட்பவர் தவறாக விளங்கிக்கொள்ளட்டும் என்று திட்டமிட்டு வாய்மூடி இருப்பது, பொய்க்குப் பக்கத்து வீடு.

முதல் நேர்காணல்

நாடு விட்டு நாடு சென்றவர்கள் ஓர் ஆட்சியாளரின் முன் நின்று, தங்குவதற்கு உரிமை கேட்ட வரலாறு நம்மிடையே புதிதல்ல. நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில் ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் சென்றவர்கள் நஜ்ஜாஷி மன்னரின் அவையில் விசாரிக்கப்பட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பும்படி கேட்க மக்காக் குறைஷிகள் அம்ரு இப்னுல் ஆஸையும் அப்துல்லாஹ் இப்னு அபீ ரபீஆவையும் வெகுமதிகளோடு அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் ஜஅஃபர் (ரலி) அவர்களின் பேச்சு மன்னரின் உள்ளத்தைத் தொட்டது. மறுநாள் எதிரிகள் ஆபத்தான கேள்வியை எழுப்பினார்கள்: ஈஸா (அலை) அவர்களைப் பற்றி இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள் என்றார்கள். மன்னரோ கிறிஸ்தவர். அவருக்குப் பிடித்தமான பதிலைச் சொன்னால் தங்கலாம். பிடிக்காததைச் சொன்னால் விலங்கோடு மக்காவுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அன்றிரவு அவர்கள் கூடி, என்ன பதில் சொல்வது என்று ஆலோசித்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அச்சம் அவர்களுக்கும் இருந்தது. அதற்கு முன் அப்படியொரு கவலை வந்ததில்லை என்றே அவர்கள் நினைவுகூர்கிறார்கள். எனினும், வருவது வரட்டும், அல்லாஹ்வும் அவன் தூதரும் சொன்னதையே சொல்வோம் என்று முடிவு செய்தார்கள். அவ்வாறே சொன்னார்கள். மன்னர் தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, உண்மைக்கும் நீங்கள் சொன்னதற்கும் இவ்வளவு வித்தியாசமும் இல்லை என்ற கருத்தில் பேசி அபயமளித்தார். குறைஷிகளின் வெகுமதிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டியது முடிவை அல்ல. முடிவு இப்படி ஆகும் என்று தெரியாத அந்த இரவில் அவர்கள் எடுத்த தீர்மானத்தையே கவனிக்க வேண்டும்.

பிணைக் கையெழுத்து

இனி, அழைத்துக்கொள்பவருக்கு வேலை போனதால் கூட்டுப் பிணையாளராக வரும்படி உறவினரிடம் கேட்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். "ஒரு கையெழுத்துத்தானே மச்சான், சும்மா போடுங்கள்" என்று கேட்கிறோம். அது சும்மா இடும் கையெழுத்தல்ல. அந்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம். வந்தவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு உழைப்புக் கணக்குச் சேரும்வரை, அல்லது அந்நாட்டை நிரந்தரமாக விட்டுச் செல்லும்வரை, அல்லது மரணம் நேரும்வரை அந்தப் பொறுப்பு நீடிக்கும். விவாகரத்து ஆனாலும் பொறுப்பு தீராது.

நமது ஷரீஅத்தில் இதற்குக் கஃபாலா என்று பெயர். பிணை நின்றவர் கடனாளியே என்பது அதன் அடிப்படை. கடனோடு மரணித்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கி நின்றபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழ வைத்தார்கள். அவர் ஏற்றது வாய்ச்சொல் உபசாரமல்ல. ஆகவே பிணை கேட்பவர், அதன் சுமையை முழுமையாக எடுத்துச் சொல்லிய பின்பே கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர் தம் மனைவி மக்களோடு ஆலோசித்து, முடிந்தால் மனமாரச் செய்ய வேண்டும். முடியாவிட்டால் முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமையுண்டு. மறுத்தவரை உறவு முறித்துப் பேசுவது அநியாயம்.

ஊரில் நாம் செய்யும் கொடுமை

அதிகாரியின் முன் உண்மை பேச அஞ்சும் பிள்ளை, அந்த அச்சத்தை எங்கே கற்றான்? பெரும்பாலும் நம் வீட்டுத் திண்ணையில்தான். மகனுக்கு வேலை போனதைத் தாய் தன் சொந்தத் தங்கையிடமே மறைக்கிறாள். பெண் பேசும் இடத்தில், "அமெரிக்காவில் நல்ல உத்தியோகம்" என்று சென்ற ஆண்டின் செய்தியை இந்த ஆண்டும் சொல்கிறோம். பெண் வீட்டார் நம்பி நிகாஹ் முடிக்கிறார்கள். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு மாப்பிள்ளையின் பொருள்நிலை உள்ளபடி சொல்லப்பட்டதே, அந்த ஸுன்னத்தை நாம் எங்கே தொலைத்தோம்?

இன்னொரு பக்கம், செய்தி தெரிந்துவிட்டால் ஊரார் நலம் விசாரிக்கும் சாக்கில் குத்திப் பேசுகிறார்கள். உண்மை சொன்னால் இழிவு என்ற நிலையை உருவாக்கிவிட்டு, பிறகு இளைஞர்கள் பொய் சொல்கிறார்களே என்று மிம்பரில் நின்று வருந்துவதில் பயனென்ன? பொய் சொன்னவன் பாவி என்றால், உண்மை சொல்வதை அவனுக்கு இத்தனை விலையுள்ளதாக்கிய சமுதாயத்திற்கும் அதில் பங்குண்டு.

இறுதி ஹஜ்ஜின்போது உடல் வலிமையுள்ள இருவர் வந்து ஸகாத்துப் பொருளில் கேட்டார்கள். செல்வந்தருக்கும், சம்பாதிக்கும் வலிமையுள்ளவருக்கும் அதில் பங்கில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். இதை விளக்கிய இமாம் நவவி (ரஹ்) போன்றோர், வலிமை இருந்தும் வேலை கொடுப்பார் இல்லாதவர் ஸகாத் பெற உரியவரே என்று கூறினார்கள். உழைக்க மனமிருந்தும் வேலை கிடைக்காதவனைச் சோம்பேறியோடு சேர்க்காத இந்த நுட்பமான நியாயத்தைக் கவனியுங்கள். நமது மஹல்லாக்கள் ரமளானில் அரிசி கொடுப்பதோடு நில்லாமல், வேலை இழந்தவருக்கு வாடகைக்கும், வழக்கறிஞர் கட்டணத்திற்கும், திரும்பி வரும் பயணத்திற்கும் கைமாற்றுக் கொடுக்க முன்வந்தால் எத்தனையோ பொய்கள் பிறக்காமலே போகும்.

காகிதமும் இரணமும்

காகிதத்தின் மதிப்பை நமது மண்ணுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ஆட்சியில் உழவர்கரை தனிக் கொம்யூனாக இருந்தது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் ஆறு மாதத்திற்குள், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்தது. தகப்பனாரின் ஒரு கையெழுத்து, சிறு பிள்ளைகளின் தேசத்தையும் தீர்மானித்தது. எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பாரிசில் இருக்கிறார்கள். கொடுக்காதவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்றும் அதை எண்ணிப் பெருமூச்சு விடுகிறார்கள்.

ஆனால் இதே கதைக்கு மறுபக்கமும் உண்டு. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து சைகோனுக்குச் சென்ற நம்மவர்கள் அங்கே கடைகளும் வீடுகளும் கண்டார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் அந்நகரின் நடுவே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. காகிதங்களும் அவர்களிடம் சரியாகவே இருந்தன. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தபின், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுப் புறப்பட்டவர்கள் எத்தனையோ பேர். எந்தக் காகிதமும் அவர்களின் கடையைக் காக்கவில்லை. எனினும் அவர்களுக்கு உணவளித்தவன், அடுத்த ஊரிலும் உணவளித்தான்.

பூமியில் ஊர்ந்து திரியும் எந்த உயிருக்கும் உணவளிக்கும் பொறுப்பு தன்னைச் சார்ந்ததென்று அல்லாஹு தஆலா ஹூது அத்தியாயத்தில் அறிவிக்கிறான். கிரீன் கார்டு இரணத்தின் வழிகளில் ஒன்று. அதுவே இரணமல்ல. வழியை இரணமென்று எண்ணியவனுக்கு அந்த வழிக்காக எதையும் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். வாய்மையையும் கொடுத்துவிடுவான். இரணம் வேறு, வழி வேறு என்று உணர்ந்தவனோ முழு முயற்சியும் செய்வான், ஆனால் விலை பேசமாட்டான்.

உண்மை தோற்றால்?

கடைசியாக, யாரும் கேட்கத் தயங்கும் கேள்வி. உண்மையைச் சொல்லி, மனு நிராகரிக்கப்பட்டுவிட்டால்? அப்படி நடக்காது என்று நாம் வாக்குறுதி தரமாட்டோம். நடக்கலாம். வேலை வாக்குறுதி கிடைக்காமல், பிணையும் அமையாமல், பெட்டி கட்டித் திரும்பியவர்கள் உண்டு. உண்மை இவ்வுலகில் உடனுக்குடன் வெல்லும் என்று சொல்வது வாய்மைக்கு விளம்பரம் செய்வதாகுமே தவிர, வாய்மையாகாது.

ஹிஜ்ரி 9-இல் தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கியவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் சாக்குச் சொன்னார்கள். அவர்களின் சாக்குகள் வெளிப்படையில் ஏற்கப்பட்டு, அன்றே வீடு திரும்பினார்கள். கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களும் மற்ற இருவரும் மட்டும் உண்மையைச் சொன்னார்கள். கஅபு சொல்வன்மை மிக்கவர். நல்லதொரு சாக்கை அவரால் இலகுவாகப் புனைந்திருக்க முடியும். உண்மை சொன்னதற்குக் கிடைத்தது ஐம்பது நாள் ஒதுக்கம். ஸலாத்துக்குப் பதில் சொல்வார் இல்லை. அந்நாட்களில் கஸ்ஸான் மன்னனிடமிருந்து, "எம்மிடம் வந்துவிடும்" என்ற கருத்தில் ஓர் அழைப்புக் கடிதமும் வந்தது. அன்றைய நிலையில் அதைவிடக் கவர்ச்சியான விசா வேறென்ன? அவர் அதை அடுப்பிலிட்டு எரித்தார். ஐம்பதாம் நாள் அல்லாஹ்விடமிருந்து மன்னிப்பு வந்தது. உண்மைதான் தம்மைக் காத்தது என்று அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார்.

அந்த ஐம்பது நாட்களும் எளிதாகக் கழிந்தன என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. பூமி இத்தனை விரிவாக இருந்தும் தமக்கு நெருக்கடியாகிவிட்டது என்றே திருக்குர்ஆன் அவர்களின் நிலையை வர்ணிக்கிறது. அறுபது நாள் தவணையை எண்ணிக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு அந்த நெருக்கடி புரியும்.

ஆகவே, அன்புச் சகோதரர்களே! நேர்காணலுக்குச் செல்பவர் நல்ல வழக்கறிஞரைக் கலந்து தம் உரிமைகளை முழுமையாக அறிந்துகொள்ளட்டும். மெய்யான வேலை வாக்குறுதிக்காக ஒவ்வொரு வாசலையும் தட்டட்டும். கிடைக்கும் சான்றுகளை ஒழுங்காக அடுக்கிக்கொள்ளட்டும். இரண்டு ரக்அத் தொழுது, நாயனிடம் நலவைக் கேட்டுச் செல்லட்டும். அதிகாரி, "இப்போது வேலை இருக்கிறதா?" என்று கேட்டால், "இல்லை" என்று சொல்லட்டும். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வருவது எதுவாயினும், அவர் தம் பிள்ளைகளின் முகத்தைக் கூசாமல் பார்க்க முடியும்.

வல்ல நாயன் நம் மக்களுக்கு ஹலாலான இரணத்தை விசாலமாக்கி, நெருக்கடியான வேளையில் நம் நாவுகளை உண்மையில் நிலைநிறுத்தி, வேலையிழந்து தவிப்போருக்கு நாம் துணை நிற்கவும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.